பின்னால் யார் உட்கார்ந்து வருகிறார்?
வாசகர் கேள்விகள்: ஆம்புலன்ஸ் வகைகளும் கருவிகளும்

(108 சேவையில் மருத்துவ உதவியாளராகப் பல ஆண்டுகள் தேனி, திண்டுக்கல் பக்கம் பணியாற்றியவர், இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி தருபவர். இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மாமனாருக்கு மூளையில் ரத்தக் கசிவு. கரூரிலிருந்து கோவைக்குக் கொண்டுபோகத் தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றைக் கூப்பிட்டோம். ‘ஐசியு வண்டி’ என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், முன்னால் ஓட்டுநர். அவ்வளவுதான். மாமனார் பிழைத்துவிட்டார், ஆனால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எந்த வண்டியில் என்ன இருக்க வேண்டும்?
- வாசகி, கரூர்

உங்கள் கோபம் நியாயமானது. விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கதையை நான் பல குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் சாலை ஆம்புலன்ஸ்களுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்று ஒரு தரவிதி உண்டு. அது ஏ, பி, சி, டி என்று நான்கு வகை சொல்கிறது. ஏ வகை, உதவியாளரையும் முதலுதவிப் பையையும் சம்பவ இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது, நோயாளியை ஏற்றாது. பி வகை, அவசரம் இல்லாதவர்களுக்கு: டயாலிசிஸுக்குப் போகிறவர், டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்புகிறவர். சி வகை அடிப்படை உயிர்காப்பு வண்டி, நாங்கள் பி.எல்.எஸ். என்போம். டி வகை மேம்பட்ட உயிர்காப்பு வண்டி, ஏ.எல்.எஸ். ‘ஐசியு ஆம்புலன்ஸ்’ என்று விளம்பரத்தில் போடுவது இந்த டி வகையைத்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு வந்தது பி வகைக்கு மேல் தேறாது.

பி.எல்.எஸ். வண்டியில் ஸ்ட்ரெச்சரோடு முதுகெலும்பு அசையாமல் படுக்க வைக்கும் பலகையான ஸ்பைன் போர்டு, கழுத்துப் பட்டை, எலும்பு முறிவுக்குக் கட்டும் ஸ்ப்ளின்ட், ஆக்சிஜன், மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்று தரும் ஆம்பு பை, பல்ஸ் ஆக்சிமீட்டர், பிபி கருவி, குளுக்கோமீட்டர், நெபுலைசர், பிரசவப் பெட்டி, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி எல்லாம் இருக்க வேண்டும். ஏ.எல்.எஸ். வண்டியில் இவற்றுக்கு மேல் வென்டிலேட்டர், இதயத் துடிப்பைத் தொடர்ந்து காட்டும் மானிட்டரோடு சேர்ந்த டிஃபிப்ரிலேட்டர், மருந்தைச் சொட்டுக் கணக்கில் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும் லாரிங்கோஸ்கோப், அட்ரினலின் மாதிரியான அவசர மருந்துகள்.

என்னைக் கேட்டால், யாரும் கவனிக்காத ஒரு கருவிதான் முதலில் பார்க்க வேண்டியது: சக்‌ஷன். மூளையில் ரத்தம் கசிந்தவர் வழியில் வாந்தி எடுப்பார். நினைவில்லாதவருக்கு அது அப்படியே நுரையீரலுக்குள் இறங்கும். ஆக்சிஜன் எவ்வளவு வைத்தாலும் வழி அடைத்திருந்தால் உள்ளே போகாது. அதை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் வேண்டும், சக்‌ஷனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் மாமனார் வண்டியில் இரண்டுமே இல்லை. பின்னால் வெறும் உறவினர்கள் மட்டும் உட்கார்ந்து வருகிற வண்டியில் எந்தக் கருவி இருந்தும் பயனில்லை. வென்டிலேட்டர் சுவரில் மாட்டியிருக்கும். அதை நோயாளிக்கு ஏற்றபடி வைக்கத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

அதனால் அடுத்த முறை போனிலேயே கேளுங்கள். பின்னால் யார் உட்கார்ந்து வருகிறார், அவர் என்ன படித்திருக்கிறார்? வென்டிலேட்டர் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும்? சக்‌ஷன் வேலை செய்கிறதா? ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர், என்ன அளவு? வண்டி வந்ததும் நோயாளியை ஏற்றுவதற்கு முன்னால் சக்‌ஷனையும் மானிட்டரையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கோபித்துக்கொண்டால் அந்த வண்டி வேண்டாம். அனுப்புகிற மருத்துவமனையிடம் ரெஃபரல் சீட்டு வாங்குங்கள், போகிற மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். ஐசியுவில் இருப்பவரை மாற்றும்போது, யார் கூட வர வேண்டும் என்பதை அங்குள்ள மருத்துவரே முடிவு செய்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். மதுரையில் டிஸ்சார்ஜ் செய்து ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்காரர் ‘சின்ன சிலிண்டர் ஒன்று போதும்’ என்கிறார். நம்பலாமா?
- வாசகர், ராமேஸ்வரம்

நம்ப வேண்டாம், கணக்குப் போடுங்கள். சுலபமான கணக்குதான்.

‘சின்ன சிலிண்டர்’ என்பது பெரும்பாலும் பி டைப். நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, அது டி டைப், சுமார் 7,000 லிட்டர். இரண்டுக்கும் உடம்பு கறுப்பு, தோள்பட்டை வெள்ளை. லிட்டரை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறதோ அதால் வகுத்தால் எத்தனை நிமிடம் வரும் என்று தெரியும். உங்கள் அப்பாவுக்கு 1,500-ஐ 2-ஆல் வகுத்தால் 750 நிமிடம், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். மதுரை - ராமேஸ்வரம் நான்கு மணி நேரம் என்று வைத்தாலும் தாராளம். ஆனால் இதே சிலிண்டரை விபத்தில் அடிபட்டவருக்கு மாஸ்க்கில் 15 லிட்டர் வைத்தால் 100 நிமிடத்தில் காலி. அதனால்தான் ‘ஒரு சிலிண்டர் போதும்’ என்ற பேச்சுக்குத் தனியாக அர்த்தமே இல்லை. யாருக்கு, எத்தனை லிட்டர், எவ்வளவு தூரம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

பயணத்துக்குத் தேவையானதைப் போல ஒன்றரை மடங்காவது கையில் இருக்கட்டும். பாம்பனில் ட்ராஃபிக் நின்றுவிட்டால் நிற்க வேண்டியதுதான். சிலிண்டர் மேலே உள்ள கேஜைப் பார்த்து, முள் நிறைவில் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பாதி முள் என்றால் பாதி நேரம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அப்பா மூச்சு வாங்குகிறார் என்று பதறிப்போய் யாரும் ஆக்சிஜனைத் திருகி ஏற்றிவிடக் கூடாது. இந்த நோய்க்காரர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாக வைப்பார்கள். 98-க்குக் கொண்டு போனால் கரியமில வாயு உள்ளே தேங்கி மயக்கம் வரும். உங்கள் மருத்துவர் அப்பாவுக்கு என்ன அளவு சொன்னார் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கி, வண்டியில் வருகிறவர் கையில் கொடுங்கள்.

நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் சொந்தக் காரில் கிளம்பிவிடுவதுதானே நல்லது?
- வாசகர், திருச்சி

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். காரில் போகும்போது இதயம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மாரடைப்பு வந்தவருக்கு எந்த நிமிடமும் இதயம் தாறுமாறாக நடுங்க ஆரம்பிக்கலாம். அதை நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவருவது மின் அதிர்ச்சி ஒன்றுதான். நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுக்காமலும் அதிர்ச்சி கொடுக்காமலும் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பி.எல்.எஸ். வண்டியில் உள்ள ஏஇடி, ஒட்டிய இரண்டு பேடுகள் வழியாகத் தானே துடிப்பைப் படித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று குரலில் சொல்லும். வியர்வையில் நனைந்த மார்பைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேடு பிடிக்காது. துடைக்கத் துணியும், முடி அடர்ந்திருந்தால் மழிக்க ரேஸரும் அந்தப் பையிலேயே இருக்கும். கார் பின் சீட்டில் இதெல்லாம் முடியாது. சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சழுத்தம் கூடக் கொடுக்க முடியாது. அதற்குக் கெட்டியான தளத்தில் படுக்க வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும்.

முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரமாகும் என்று சொல்வார்கள். அழைப்பு மையத்தில் மருத்துவரும் இருக்கிறார். என்ன மாத்திரை கொடுக்கலாம், என்ன செய்யக் கூடாது என்று அவரிடமே கேட்கலாம். வண்டி வர மிகவும் தாமதமாகும், மருத்துவமனை பக்கத்துத் தெரு என்றால் காரில் போவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி வந்தவரே காரை ஓட்டிக்கொண்டு போவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த பேத்தியைத் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அனுப்பச் சொன்னார்கள். வாசலிலேயே ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் ஏற்றாமல், பச்சிளங்குழந்தை ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காக்க வைத்தார்கள். துணியில் சுற்றிக் கொண்டுபோயிருக்கக் கூடாதா?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

அந்த நேரத்தில் நீங்கள் எப்படித் தவித்திருப்பீர்கள் என்று தெரியும் பாட்டி. ஆனால் காக்க வைத்தவர்கள் குழந்தைக்கு நல்லதைத்தான் செய்தார்கள்.

குறைமாதக் குழந்தைக்குச் சூடு தங்காது. தோலுக்குக் கீழே கொழுப்பே இருக்காது. உடம்பு வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்துவிட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும். துணி, இருக்கிற சூட்டைக் காக்கும். புதிதாகச் சூடு கொடுக்காது. அந்த வண்டியில் இருப்பது பயண இன்குபேட்டர். ஓடும் வண்டியின் மின்சாரத்தில் வேலை செய்யும், குழந்தையை வைப்பதற்கு முன்பே சூடேற்றி வைத்திருப்பார்கள். குழந்தைக்கேற்ற வென்டிலேட்டர், விரல் அளவு மாஸ்க், ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லி மட்டும் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் எல்லாம் உண்டு. ஆக்சிஜனோடு காற்றைக் கலந்து கொடுக்கவும் வசதி இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்து, கண்ணின் விழித்திரை கெடும். பெரியவர்கள் வண்டியில் அந்த அளவுக்குக் கட்டுப்படுத்த முடியாது.

வேறு வழியே இல்லாத மலைக் கிராமங்களில் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்போடு ஒட்ட வைத்து, மேலே போர்த்திக் கட்டிவிடுவோம். கங்காரு முறை என்பார்கள். அம்மாவால் வர முடியாவிட்டால் அப்பாவோ பாட்டியோ செய்யலாம். மூச்சு நன்றாக இருக்கிற குழந்தைக்கு இது துணியைவிட எவ்வளவோ மேல்.

பைக் ஆம்புலன்ஸில் நோயாளியை எப்படி ஏற்றுவார்கள்?
- மாணவர், சென்னை

ஏற்ற மாட்டார்கள் தம்பி. நெரிசலில் பெரிய வண்டிக்கு முன்னால் போய்ச் சேருவதற்குத்தான் பைக். பயிற்சி பெற்றவர் ஓட்டிக்கொண்டு போய், ரத்தத்தை நிறுத்தி, சிறிய சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் கொடுத்து, பின்னால் வண்டி வரும் வரை பார்த்துக்கொள்வார். மேலே சொன்ன ஏ வகை வேலை.

மலையில் எங்களுக்கு ஜீப் மாதிரி சின்ன ஆம்புலன்ஸ்தான் வருகிறது. கீழே உள்ளவர்களுக்கு மட்டும் பெரிய வண்டி. இது பாரபட்சம் இல்லையா?
- வாசகர், கொல்லிமலை

70 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலையில் நீளமான ட்ராவலர் வண்டி ஒவ்வொரு வளைவிலும் பின்வாங்கித் திரும்ப வேண்டியிருக்கும். மழையில் மண் பாதை என்றால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும். சின்ன வண்டி வருவது அதற்காகத்தான். ஆனால் அதில் குறையும் உண்டு. கூரை தாழ்வு, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஓடும்போது ஊசி போடுவது, கட்டுப் போடுவது நடக்காத காரியம். அதனால் மலையில் எல்லா வேலையையும் கிளம்புவதற்கு முன்பே முடிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன்: ஐவி லைனை ஒட்டி, எலும்பைக் கட்டி, பெல்ட் அத்தனையும் போட்டு, தோள் பட்டையையும் மாட்டி, வாந்திப் பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நகர வேண்டும்.

போடிமெட்டுச் சாலையில் வேலை பார்த்தபோது மனதில் நின்ற ஒன்றையும் சொல்கிறேன். ஆம்புலன்ஸில் நோயாளியின் தலை ஓட்டுநர் பக்கம் இருக்கும். வண்டி மலை இறங்கும்போது முன்பக்கம் தாழும், அதோடு நோயாளியின் தலையும் தாழும். தலையில் அடிபட்டவருக்கும் மூச்சு வாங்குகிறவருக்கும் அது ஆகாது. அதனால் இறங்கத் தொடங்குமுன் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். முதுகெலும்பில் அடி என்று சந்தேகம் இருந்தால் இடுப்பில் மடக்கக் கூடாது, ஸ்பைன் போர்டோடு சேர்த்து முழுதாகச் சாய்வாக வைக்க வேண்டும். பைலட்டிடம் (ஓட்டுநரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு உதவியாளர் தயங்கக் கூடாது.

சாலையே எட்டாத ஊர்களிலிருந்து டோலி கட்டித் தூக்கி வருகிறீர்கள். விழுந்து அடிபட்டவர் என்றால், தயவு செய்து டோலிக்குள் ஒரு பலகையாவது வைத்து அதில் படுக்க வையுங்கள். முடிந்தால் வண்டியிலிருந்து எங்கள் ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை மேலே எடுத்துவரச் சொல்லுங்கள். அது நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். இரு பக்கமிருந்தும் அடியில் நுழைத்துப் பூட்டினால் ஆளைப் புரட்டாமலே தூக்கிவிடலாம்.

எங்கட 1990 அம்புலன்ஸும் உங்கட 108 உம் ஒன்றுதானா?
- வாசகி, யாழ்ப்பாணம்

வேறு வேறு சேவைகள், ஆனால் உறவு உண்டு. இலங்கையில் 1990 என்ற எண்ணில் கூப்பிடுகிற சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை, 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் இந்திய அரசின் நன்கொடையில் தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்து வடக்குக்கும் விரிந்தது. இந்திய உதவியில் வந்தவை மொத்தம் 297 வண்டிகள். 2018-லேயே தனிச் சட்டம் போட்டு இலங்கை அதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைத்துவிட்டது. உங்கள் வண்டியிலும் பின்னால் பயிற்சி பெற்ற உதவியாளர் இருக்கிறார், கட்டணம் இல்லை. தயங்காமல் கூப்பிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் அம்மா இறந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோக 108-ஐக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் தனியார் வண்டி கேட்ட பணம் எங்களிடம் இல்லை. கடன் வாங்கித்தான் போனோம்.
- வாசகர், விருதுநகர்

படித்ததும் வருத்தமாக இருந்தது. 108 உயிரோடு இருப்பவர்களுக்கான வண்டி. ஓர் உடலோடு அது இரண்டு மணி நேரம் போய்விட்டால் அந்தப் பகுதியில் அடுத்த அழைப்புக்கு வண்டி இருக்காது. ஆனால் மறுத்தவர் கூடவே இன்னொரு எண்ணையும் சொல்லியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கத் தமிழ்நாட்டில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. எண் 155377. வார்டு செவிலியரிடம் சொன்னாலும் ஏற்பாடு செய்வார்கள். அதேபோல, அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆன தாயையும் குழந்தையையும் வீட்டில் விட 102 தாய் சேய் நல ஊர்தி உண்டு. ஒவ்வொரு வார்டு வாசலிலும் இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சைரன் கேட்டதும் எந்தப் பக்கம் ஒதுங்குவது? சிக்னலில் சிவப்பு இருந்தால்?
- வாசகர், சேலம்

இடது பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள். பதறி நடுரோட்டில் பிரேக் போடாதீர்கள். சிக்னலில் முன்னால் நிற்பவர், குறுக்கே வண்டி வராததைப் பார்த்துக்கொண்டு மெதுவாக இடப்பக்கமாக முன்னே நகர்ந்து வழி விடலாம். வேண்டுமென்றே வழி விடாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194E பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வேகமாகப் போகிறவர்கள்தான் எனக்குப் பெரிய பயம். உள்ளே நெஞ்சழுத்தம் கொடுத்துக்கொண்டிருப்பவர் நின்றுகொண்டு இருப்பார். நீங்கள் பின்னால் வந்து முட்டினால் அவர் கதி?

பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். 108-ல் சேர ஆசை. பெண்ணால் முடியாத வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள்.
- வாசகி, உசிலம்பட்டி

நான் செய்தேன், நீயும் செய்யலாம் கண்ணு. கனமான ஆளைத் தூக்க வேண்டியிருக்கும், அதற்கு முறை இருக்கிறது. முதுகைக் குனியாமல் முழங்காலை மடக்கித் தூக்கக் கற்றுத் தருவோம். ஓடும் வண்டியில் பிரசவம் பார்க்க வேண்டி வரும்போது, அந்தத் தாய்க்குப் பக்கத்தில் ஒரு பெண் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று வீட்டில் சொல். ராத்திரி ஷிப்ட் உண்டு, அதை மறைத்துச் சேராதே. சொல்லி, சம்மதிக்க வைத்துச் சேர்.

சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள். ஷிப்ட் மாறும்போது முன்னவர் ‘எல்லாம் சரியா இருக்கு’ என்று சொன்னாலும் கையெழுத்துப் போடாதே. சிலிண்டர் முள்ளைப் பார். சக்‌ஷனைப் போட்டு டியூப் நுனியில் விரலை வைத்து இழுக்கிறதா என்று பார். ஏஇடி பேடின் காலாவதித் தேதி, பேட்டரி விளக்கு, லாரிங்கோஸ்கோப் பல்பு, பிரசவப் பெட்டியில் தொப்புள்கொடிக் கிளிப் இரண்டு. இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அழைப்பு வந்தால், போகிற வழியில் மீதியைப் பார்த்து முடி.